தன்னார்வலர்கள் தொடங்கிய தீயணைப்புப் படை

இந்நாட்டின் முதல் தீயணைப்புப் படையில் இருந்தவர்கள் தன்னார்வலர்கள்.

1881 ஜனவரியில் கோலாலம்பூர் பெருந்தீயில் அழிந்தது. பலகைச் சுவரும் அத்தாப்புக் கூரையுமாக நெருங்கி நின்ற வீடுகள் அடுத்தடுத்துப் பற்றிக்கொண்டன. 1883இல் எச்.எஃப். பெல்லாமி தலைமையில் 15 பேருடன் சிலாங்கூர் தன்னார்வத் தீயணைப்புப் படை உருவானது.

மாநிலங்களின் தீயணைப்புச் சேவையைக் கூட்டரசு அரசாங்கம் 1976 ஜனவரி 1இல் ஏற்றுக்கொண்டது. 1988இல் தீயணைப்புச் சேவைச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனாலும் தன்னார்வப் படைகள் மறையவில்லை. தீயணைப்பு நிலையம் தொலைவில் உள்ள சிற்றூர்களிலும் புதுக்கிராமங்களிலும் உள்ளூர்க்காரர்களே பயிற்சி பெற்று, பெரிய வண்டி வந்து சேரும்வரை தீ பரவாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பழைய பலகை லயங்களில் ஒரு வீட்டில் தீப்பிடித்தால் வரிசைக்கே ஆபத்து. தம்போய் போன்ற புறநகர்களின் வரிசை வீடுகளிலும் அண்டை வீட்டுக்கும் நமக்கும் இடையே ஒரு சுவர்தான். தீ நகரத்தையும் விட்டுவைப்பதில்லை. 2016 அக்டோபர் 25இல் ஜொகூர்பாரு சுல்தானா அமினா மருத்துவமனைத் தீவிபத்தில் 6 நோயாளிகள் உயிரிழந்தனர்.

உங்கள் வட்டாரத்தில் தன்னார்வப் படை உண்டா, அதில் சேர என்ன செய்ய வேண்டும் என்பதை அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்தில் கேட்டறியலாம். தீ கண்டால் முதலில் ஆட்களை வெளியேற்றுங்கள். பிறகு 999 எண்ணை அழைத்து, வீட்டு எண்ணையும் சாலைப் பெயரையும் அருகிலுள்ள அடையாளத்தையும் தெளிவாகச் சொல்லுங்கள்.