ஒளி காட்டிய உண்மை



நம் பினாங்கிலிருந்து பாலத்தைத் தாண்டித் தெற்கே போனால் ஈப்போ வருகிறது. 1998 செப்டம்பர் கடைசியில், அந்த வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. தலைவலி, மயக்கம், பிறகு நினைவே தப்பியது. சிலருடைய இரத்தச் சோதனை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று காட்டியது. அது கொசு பரப்பும் நோய். ஆகவே கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நின்றதா? இல்லை. நெகிரி செம்பிலானுக்கும் பரவி, சுங்கை நிப்பா, புக்கிட் பெலாண்டோக் பகுதிகளில் தலைவிரித்தாடியது. கூலிக்குப் போன இந்தியத் தொழிலாளர்களையும் அது விடவில்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கொசு என்ன, ஆள் பார்த்தா கடிக்கும்? ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத்தான் பிடிக்கும். இங்கே விழுந்தவர்களோ பன்றியோடு பழகிய பெரியவர்கள். ஊசி போட்டவர்களும் விழுந்தார்கள். பன்றிகளும் இருமிச் செத்தன.

1999 மார்ச்சில், மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங், ஒரு நோயாளியின் முதுகுத்தண்டு நீரிலிருந்து அக்கிருமியை வளர்த்தெடுத்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். கண்ணுக்குத் தெரியாத கிருமியை எப்படி அடையாளம் காண்பது?

நம் உடம்பில் ஒரு கிருமி நுழைந்தால், அதை எதிர்க்க இரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டாகிறது. பூட்டுக்கு ஏற்ற சாவி மாதிரி, அது தனக்குரிய கிருமியைத்தான் பற்றும். அந்த எதிர்ப்பொருளோடு ஒளிரும் சாயத்தைச் சேர்க்கும் வித்தையை 1941-இல் ஹார்வர்டில் ஆல்பர்ட் கூன்ஸ் குழுவினர் கண்டனர். சாவி பொருந்திய இடம் நுண்பெருக்கியில் ஒளிவிடும்.

ஆஸ்திரேலியாவில் 1994-இல் குதிரைகளைக் கொன்றது ஹெண்ட்ரா வைரஸ். அதற்கான எதிர்ப்பொருளைக் கொண்டு நம் நாட்டுக் கிருமியைச் சோதித்தபோது ஒளி தெரிந்தது! இது ஹெண்ட்ராவின் உறவு, புதிய வைரஸ். நோயாளியின் ஊரை வைத்து ‘நிப்பா’ என்று பெயரிட்டார்கள். கொசுவை விட்டுப் பன்றியின் பக்கம் திரும்பினார்கள். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்ட பிறகே நோய் அடங்கியது. அதற்குள் மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டு, 105 பேர் மாண்டனர். பழந்தின்னி வௌவால்களே அக்கிருமியின் இருப்பிடம் என்பது பின்னர் தெரியவந்தது.

அதே ஒளிச் சாவி இன்று நம் உடம்பின் காவலர்களையும் அடையாளம் காட்டுகிறது. இரத்தத்தின் வெள்ளை அணுக்களில் பல வகை, நுண்பெருக்கியில் ஒன்று போலவே தெரியும். விளையாட்டுப் போட்டியன்று பிள்ளைகளைச் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று இல்ல வாரியாகப் பிரிப்போமே, அதுபோல ஒவ்வொரு வகைக்கும் ஒரு நிற எதிர்ப்பொருளை ஒட்டி, அணுக்களை வரிசையாக லேசர் ஒளியின் முன் ஓடவிட்டு எண்ணுகிறார்கள். இதற்கு ஃப்ளோ சைட்டோமெட்ரி என்று பெயர். ஸ்டான்ஃபோர்டில் லெனார்ட் ஹெர்சன்பெர்க் இதை வளர்த்தவர்களில் முதன்மையானவர். எய்ட்ஸ் நோயாளியின் காவல் அணுக்கள் எவ்வளவு குறைந்துவிட்டன என்பதை இப்படித்தான் கணக்கிடுகிறார்கள்.

மாணவர்களே, நோயின் காரணத்தை அறிந்தபின் வைத்தியம் செய் என்றார் வள்ளுவர். தவறான பெயரை நம்பியிருந்த மாதங்களில் எத்தனை வீடுகளில் விளக்கு அணைந்தது! சொல்லப்பட்ட விடை கண்முன் நடப்பதோடு ஒட்டவில்லையென்றால், ‘ஏன் சார்?’ என்று எழுந்து கேளுங்கள். பெற்றோர்களே, பிள்ளை கேள்வி கேட்டால் ‘சும்மா இரு’ என்று அடக்கிவிடாதீர்கள். நாளைக்கு ஓர் ஊரையே காப்பாற்றப் போவது அந்தக் கேள்வியாக இருக்கலாம்.