சிவபாதசேகரனும் நாகைப் புத்தப் பள்ளியும்

சோழநாட்டுக் கடற்கரைத் தலங்களுள் நாகைக் காரோணம் தொன்மை மிக்கது. வலையிற் பட்ட மீன்களுள் ஒன்றை இறைவனுக்கென்று நாள்தோறும் கடலில் விட்டு வந்த அதிபத்த நாயனார் தோன்றிய பதி அது. மலரிட்டு நீராட்டும் பூசை அன்று அப்பெரியார் செய்தது; எனினும் அறுபத்து மூவர் வரிசையில் அவர்க்கு இடம் உண்டு. அதே நாகையில், சிவநெறிக்குப் புறம்பான வேறொரு வழிபாடும் நெடுங்காலம் நிகழ்ந்து வந்தது. அதன்பொருட்டுச் சைவ வேந்தன் ஒருவன் செய்த அறமும், அவ்வறத்தோடு பொறிக்கப்பெற்ற வேண்டுதலும் குடமுழுக்குக் காணும் அன்பர்கள் அறிந்து மகிழத் தக்கன.

முதலாம் இராசராசன் (985–1014) சிவபாதசேகரன் என்னும் சிறப்புப் பெயர் பூண்டவன். அவன் காலத்தில், கடல் கடந்த சிரீவிசய நாட்டையும் கடாரத்தையும் ஆண்ட சைலேந்திர குலத்து மாறவிசயோத்துங்க வன்மன், தன் தந்தை சூளாமணி வன்மன் பெயரால் நாகையில் புத்தப் பெரும்பள்ளி ஒன்றை எழுப்பினான். வாணிகத்தின் பொருட்டு வந்து தங்கும் தன் நாட்டார் வழிபட ஓரிடம் வேண்டுமன்றோ! அப்பள்ளிக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக வழங்குமாறு இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டின் 92ஆம் நாளில், தஞ்சைப் புறம்படியில் இருந்த இராசாச்சிரயன் என்னும் மாளிகையில் வீற்றிருந்து ஆணையிட்டான். அஃது ஏறத்தாழ 1006ஆம் ஆண்டாகும். பிடியானையை வலம் வரச் செய்து எல்லை வகுத்தனர். நிலம் 97 வேலிக்குச் சற்று மிகும். அதன் காணிக்கடன் நெல் 8,943 கலத்துக்கு மேற்பட்டது. இது சிறு கொடையன்று. தஞ்சைப் பெருவுடையார் திருக்கோயில் எழுந்துகொண்டிருந்த காலம் அது. அக்கோயில் விமானத்தின் உச்சிக்குரிய செப்புக்குடத்தை அவன் அளித்தது 25ஆம் ஆண்டின் 275ஆம் நாளில். ஒரு கையால் உலகு வியக்கும் சிவாலயத்தை எடுத்துக்கொண்டே மறுகையால் புத்தர் பள்ளிக்கு நெல் அளந்தான் அவ்வேந்தன்.

தந்தை வாய்மொழியாக இட்ட ஆணையை மகன் இராசேந்திரன் நிலைபெறச் செய்தான். அச்சாசனம் 21 செப்பேடுகளாக அமைந்தது. வடமொழிப் பகுதி 5 ஏடுகள், தமிழ்ப்பகுதி 16 ஏடுகள். பிற்காலத்தில் ஒல்லாந்து நாட்டு லெய்டன் நகரை அடைந்தமையால் அவை லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன. வடமொழிப் பகுதியை யாத்தவர் கோட்டையூர் அந்தணர் அனந்தநாராயணர். ஆதிசேடன் தன் முடிகளால் நிலவுலகைத் தாங்கும் காலம் வரையில் இவ்விகாரம் தன் அறக்கட்டளையோடு நிலைபெறுக என்பது அவர் அதில் அமைத்த வேண்டுதல். பாடியவரோ திருமால் பெயர் தாங்கிய அந்தணர். பாடுவித்தவனோ சிவனடி மறவாத மன்னன். வேண்டுதல் புத்தர் பள்ளியின் பொருட்டு. புத்தர் தம் நெறியை விட்டு நம் நெறிக்கு வருக என்று ஒரு சொல்லும் அங்கு இல்லை. அவர்கள் தம் வழியிலேயே வழிபட்டு நெடுங்காலம் வாழ்க என்பதே கருத்து.

இதனை வாணிகத்தை நோக்கிய அரசியல் உத்தி என்பாரும் உளர். கீழைக் கடல் வாணிகத்தால் சோழநாடு பெற்ற ஊதியம் பெரிது, அதனை மறுப்பாரில்லை. ஆயினும் சுங்கத்தைக் குறைத்து வணிகரை மகிழ்விக்கலாம். ஆதிசேடனை அளவாக வைத்து வாழ்த்த வேண்டுவதில்லை.

சைவர்க்கு எழும் ஐயம் இதனினும் ஆழமானது. திருஞானசம்பந்தர் தம் பதிகங்களில் பெரும்பாலும் பத்தாம் பாடலில் சமண சாக்கியர் கொள்கையைக் கடிந்துள்ளார். அப்பதிகங்களைத் தஞ்சைப் பெரிய கோயிலில் பாட 48 பேரை அமர்த்தியவன் இராசராசன். அவற்றை நாள்தோறும் கேட்பித்த மன்னன் சாக்கியர்க்கு ஊர் அளித்தது முரண் அன்றோ எனின், அன்று. கொள்கையை மறுத்தல் வேறு. கொள்கையுடையார் நலிக என நினைத்தல் வேறு. மதுரையில் புனல்வாதம் நிகழ்ந்தபோது வைகையை எதிர்த்துச் சென்ற ஏட்டில் சம்பந்தர் எழுதியது உலகத்துத் துயரெல்லாம் தீர்க என்னும் வாழ்த்தே. எதிர்நின்ற சமணர் நீங்கலாக என்று அவர் வரையறுத்தாரல்லர். (அதன்பின் நிகழ்ந்தனவாகப் புராணம் கூறுவன தனி ஆராய்ச்சிக்குரியன.) புத்த வேடத்தை நீக்காமலே கல்லெறிந்து சிவனை வழிபட்ட சாக்கிய நாயனாரை ஈண்டுச் சான்று காட்டுவது வழக்கம். அது முற்றும் பொருந்தாது. அவர் உள்ளத்தால் சிவனடியார். நாகைப் பள்ளியில் இருந்தோர் உள்ளத்தாலும் புத்தரையே வழிபட்டோர். எனவே இராசராசன் அறம் செய்தற்கு அரியது.

அன்பு ஒருபுறம் மட்டும் நிகழ்ந்ததும் அன்று. இராசேந்திரனின் தொடக்க ஆண்டுகளில், சிரீவிசயத்தரசனின் பணியாளர் நாகைக் காரோணக் கோயிலில் எழுந்தருளியிருந்த வெள்ளித் திருமேனிகளுக்கு மணியிழைத்த அணிகளும், சீனக் கனகம் எனக் கல்வெட்டுக் கூறும் பொன்னும் கொடுத்தனர். புத்தனைத் தொழும் அரசன் பொன், அம்மையப்பர் திருமேனியில் அணியாயிற்று.

பின்னர்ப் போர் மூண்டது. ஏறத்தாழ 1025இல் இராசேந்திரன் கப்பற்படை செலுத்திக் கடாரத்தை வென்றான். பகைவன் நாட்டார் கட்டிய பள்ளி என்று அதன் மானியத்தை மீட்டுக்கொண்டிருக்கலாம். அவ்வாறு நிகழவில்லை. முதலாம் குலோத்துங்கன் 1090இல் கிடாரத்தரசன் தூதர் வேண்டியவாறு நாகைப் பள்ளிகளுக்குரிய ஊர்களின் வரியை நீக்கி மூன்று ஏடுகளில் சாசனம் செய்தான். அவன் காலத்தில் அப்பள்ளிகள் வழங்கிய பெயர்கள் இராசராசப் பெரும்பள்ளி, இராசேந்திரசோழப் பெரும்பள்ளி என்பன. கடாரம் கொண்டவன் பெயரைக் கடாரத்தார் பள்ளியே தாங்கி நின்றது!

புத்தப் பள்ளிகளுள் எஞ்சி நின்றதாகக் கருதப்பெறும் செங்கற் கோபுரம் ஒன்றை ஊரார் சீனாக் கோபுரம் என்றழைத்தனர். சிதைந்து நின்ற அஃது 1867இல் இடிக்கப்பெற்றது. 1856 முதல் அப்பகுதியில் மண்ணிலிருந்து வெளிப்பட்ட புத்தர் செப்புத் திருமேனிகள் முந்நூற்றுக்கு மேற்பட்டவை. அவற்றுட் பல சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. காரோணத்தில் வழிபாடு இன்றும் நடந்து வருகிறது. சீனக் கனகத்தின் கணக்கு அக்கோயிற் கல்லிலும், ஆனைமங்கலத்து நெல்லின் கணக்கு செப்பேட்டிலும் உள்ளன.