மருந்து போகும் மூன்று வழிகள்

கொடும்பாளூர் என்றால் நமக்கு மூவர் கோயிலும் இருக்குவேளிரும்தான் நினைவுக்கு வரும். சிலப்பதிகாரத்தில் அந்த ஊர் ஒரு வழிக்குறிப்பு. மதுரைக்கு எப்படிப் போவது என்று கேட்கும் கோவலனிடம், கொடும்பாளூர்க் குளத்தருகே பாதை சிவனின் சூலம்போல மூன்றாகப் பிரியும் என்கிறான் மாங்காட்டு மறையோன். ஒவ்வொரு வழியிலும் என்னென்ன எதிர்ப்படும் என்றும் விளக்குகிறான். புற்றுநோய் மருந்துகளின் வரலாற்றைப் படித்தபோது எனக்கு அந்த மறையோன்தான் ஞாபகம் வந்தான். மருந்தைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. அது போய்ச்சேர வழி வேண்டும்.

எல்லப்பிரகட சுப்பாராவ் 1895இல் பீமவரத்தில் பிறந்தவர். படித்தது மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில். கதர் உடுத்தியது வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கைநழுவி, எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. 1923இல் பாஸ்டன் போனார், ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் ஆய்வு செய்தார். ரத்தத்தில் பாஸ்பரஸை அளக்க ஃபிஸ்கேயுடன் சேர்ந்து 1925இல் அவர் வெளியிட்ட முறை உலகம் முழுக்கப் பரவியது. ஆனாலும் ஹார்வர்டில் நிரந்தர இடம் கிடைக்கவில்லை. 1940இல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போனார்.

அங்கே அவர் தலைமையிலான குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. பிறகு அதன் போலியான அமினோப்டெரினை உருவாக்கியது. செல் பிரிய டி.என்.ஏ. வேண்டும், டி.என்.ஏ.வுக்கு ஃபோலிக் அமிலம் வேண்டும். ரத்தப் புற்றுநோய்ச் செல்கள் ஓயாமல் பிரிபவை. அவை போலியையும் அசலென்று நம்பி, ஃபோலேட்டுக்கான தங்கள் சொந்த வாசல் வழியாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போன போலி, பூட்டில் மாட்டிக்கொண்ட தப்பான சாவி மாதிரி நொதியில் சிக்கிக்கொள்ளும். அசலுக்கு இடமே இருக்காது. முதல் வழி திறந்தது இப்படித்தான்.

பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அதைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1948 ஜூனில் முடிவுகள் வெளியாயின: 16 பேரில் 10 பேருக்கு முன்னேற்றம். அதுவரை சில மாதங்களில் கொன்றுவிடும் நோய் அது. ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு நோய் திரும்ப வந்தது. இரண்டு மாதம் கழித்து, 1948 ஆகஸ்ட் 8 அன்று, 53 வயதில் சுப்பாராவும் இறந்துபோனார்.

அமினோப்டெரினின் இடத்துக்கு நச்சு குறைந்த மெத்தோட்ரெக்சேட் வந்தது. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்ததில் நோய் மாதக்கணக்கில் அடங்கியது. அப்போதுதான் அடுத்த சுவர் தெரிந்தது. ரத்தத்தில் போகும் மருந்து மூளைக்குள் சரியாக நுழைவதில்லை. புற்றுச்செல்கள் அங்கே பதுங்கிக்கொண்டன. 1960களில் மெம்பிஸ் நகரத்து டொனால்ட் பிங்கல் மெத்தோட்ரெக்சேட்டை முதுகுத்தண்டு நீரில் நேரடியாகச் செலுத்தினார், தலைக்குக் கதிர்வீச்சும் கொடுத்தார். அந்தப் பத்தாண்டின் முடிவில் பாதிக் குழந்தைகள் பிழைக்கும் நிலை வந்தது. ஏற்கெனவே கையில் இருந்த மருந்துதான், கொண்டுபோன வழிதான் புதுசு.

மூன்றாவது வழி உடம்புக்கு வெளியே இருக்கிறது. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, சுப்பாராவுக்குச் சில ஆண்டுகள் முன்பு அதே மெட்ராஸ் கல்லூரியில் படித்து 1912இல் பட்டம் பெற்றவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1954இல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்த வி. சாந்தா 2021இல் இறக்கும்வரை அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. பணம் இல்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது என்பது அவர்கள் பிடிவாதம்.

ஏன் இந்தப் பிடிவாதம்? குழந்தைகளின் ரத்தப் புற்றுக்குச் சிகிச்சை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீளும். கொடும்பாளூரிலிருந்து அடையாறு 300 கிலோமீட்டருக்கும் மேல். இன்று திருச்சியிலும் மதுரையிலும் சிகிச்சை உண்டு, மெத்தோட்ரெக்சேட் விலை குறைந்த பழைய மருந்து. இருந்தும் ஒவ்வொரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு தனி. குழந்தை ஓடியாடத் தொடங்கிவிட்டால் 'சரியாப் போச்சு' என்று பாதியில் நிறுத்திவிடத் தோன்றும். ஒளிந்திருக்கும் செல்கள் அந்த இடைவெளிக்காகத்தான் காத்திருக்கும். அந்தக் குடும்பம் அடுத்த பஸ்ஸில் ஏறுமா என்பதையும் மருந்தியல்தான் கவலைப்பட வேண்டியிருக்கிறது.