மகுடமும் ழகரமும்

எங்கள் தெருப் பெண் ஒருத்தி போன கோடையில் ஒரு தாளோடு வீட்டுக்கு வந்தாள். பேச்சு, கேட்பியல் பட்டப்படிப்பில் மூன்றாம் ஆண்டு. நகரத்தில் நடக்கவிருந்த ஓர் அழகிப் போட்டியின் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகியிருந்தாள். "கடைசியில ஒரு கேள்வி கேப்பாங்கக்கா. பதிலைத் தமிழ்ல சொல்லப்போறேன். கொஞ்சம் திருத்திக் குடுங்க" என்றாள். தாளை வாங்குவதற்கு முன்பே என் முகம் சுருங்கிவிட்டது. அவள் அதைக் கவனித்துவிட்டாள். "பரிசுப் பணம் வந்தா மேல்படிப்புக்கு ஆகும்க்கா" என்றாள்.

என் முகச்சுளிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1996இல் பெங்களூரில் உலக அழகிப் போட்டி நடந்தபோது நான் பள்ளி மாணவி. பெண்ணுடலைச் சந்தைப் பொருளாக்காதே என்று பெண்கள் அமைப்புகள் போராடின. பண்பாடு கெடுகிறது என்று வேறு சிலர் போராடினார்கள். மதுரையில் ஓர் இளைஞர் தீக்குளித்து இறந்தார். நீச்சலுடைச் சுற்றை செஷல்ஸ் தீவுக்குக் கொண்டுபோனார்கள். முதல் எதிர்ப்பு பெண்ணின் உரிமையைப் பற்றியது. இரண்டாவது, பெண்ணை யார் காவல் காப்பது என்பதைப் பற்றியது. இரண்டையும் நான் வெகுகாலம் குழப்பிக்கொண்டிருந்தேன்.

அவள் சொன்ன காரணத்துக்கும் வரலாறு உண்டு. அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் 1921இல் தொடங்கிய அழகிப் போட்டியின் நோக்கம், கோடை முடிந்த பிறகும் கடற்கரை விடுதிகளுக்குக் கூட்டம் வரவேண்டும் என்பதுதான். 1945இல் அங்கே மகுடம் சூடிய பெஸ் மையர்சனுக்கு முதன்முறையாகப் படிப்பு உதவித்தொகை கிடைத்தது: 5,000 டாலர். அதற்கு முந்தைய ஆண்டுதான், போர் முடிந்து திரும்பும் படைவீரர்கள் அரசு செலவில் கல்லூரியில் படிக்க அந்நாட்டில் சட்டம் வந்திருந்தது. அந்த வீரர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். ஆணுக்குப் படிப்பு உரிமையாக வந்தது. பெண்ணுக்கு அது மேடையில் நடந்துகாட்டி வெல்லும் பரிசாக வந்தது. 1968இல் பெண்ணியவாதிகள் அதே ஊரில் திரண்டு, இடுப்புக்கச்சையையும் குதிகால் செருப்பையும் குப்பைத்தொட்டியில் வீசினார்கள். அவர்கள் எதிர்த்தது போட்டியை; மேடையில் நின்ற பெண்களை அல்ல.

இங்கேயும் ஒருத்தி இருந்தாள். 1966இல் இந்தியாவின் முதல் உலக அழகியான ரீட்டா ஃபாரியா அப்போது பம்பாயில் மருத்துவ மாணவி. மகுடத்தோடு வந்த விளம்பர வாழ்க்கையை ஓராண்டில் முடித்துக்கொண்டு, படிப்பைத் தொடர்ந்து மருத்துவர் ஆனார்.

ஆனால் எங்கள் தெருப் பெண்ணின் படிப்புக்கு இன்னும் நெருக்கமானது ஹெதர் ஒயிட்ஸ்டோனின் கதை. சுஷ்மிதா சென்னையும் ஐஸ்வர்யா ராயையும் நாம் கொண்டாடிய அதே 1994இல், செப்டம்பரில், அமெரிக்க அழகியாகத் தேர்வானவர். ஒன்றரை வயதில் காய்ச்சலில் செவித்திறனை இழந்தவர். தன் பெயரை அறிவித்ததே அவருக்குத் தெரியவில்லை. அருகில் நின்ற போட்டியாளர் சுட்டிக்காட்டிய பிறகுதான் தெரிந்தது. அவரைப் பேசவைத்ததில் அம்மா டாஃப்னி கிரேயின் பல ஆண்டு உழைப்பு இருந்தது.

அந்த வெற்றியைக் காதுகேளாதோர் எல்லாரும் கொண்டாடவில்லை. சைகையில் பேசாமல் வாயால் பேசியதால்தானே மகுடம் என்று சிலர் கேட்டார்கள். அந்தக் கோபம் பழையது. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, காதுகேளாத குழந்தைகளுக்குச் சைகையைவிட வாய்ப்பேச்சே மேலானது என்று தீர்மானித்தது. வாக்களித்தவர்களில் காதுகேளாதவர் என்று சொல்லத்தக்கவர் ஒரே ஒருவர். பல நாடுகளில் வகுப்பறைகளிலிருந்து சைகைமொழி விரட்டப்பட்டது. அந்தத் தீர்மானத்தை நிராகரித்து, அதன் தீங்குக்கு வருத்தம் தெரிவிக்க 2010 வரை ஆயிற்று. தனக்காகப் பிறர் முடிவெடுப்பது எப்படியிருக்கும் என்று பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. என் மகனுக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. "காலேஜ்ல பேசிப் பேசியே உன் பிள்ளைக்கு வார்த்தை மிச்சமில்லாம போச்சு" என்றார் மாமியார். அம்மா வீட்டோடு இருந்தால் சரியாகிவிடும் என்றார் ஒரு மருத்துவர். சம்பளமில்லா விடுப்பு எடுத்தேன். வாரம் மூன்று நாள் தாம்பரத்தில் மின்ரயில் ஏறி, பல்லாவரத்தில் ஒரு மாடி அறைக்குப் போனோம். காத்திருந்த நாற்காலிகளில் எல்லாம் அம்மாக்கள், பாட்டிகள். ஓர் அப்பாவைப் பார்த்த நினைவில்லை. பயிற்சி தந்தவரும் பெண்தான். மாலையில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தால்தான் அவருக்கு வாடகை கட்ட முடியும். முதல் நாளே அவர் சொன்னார்: "இது உங்க வேலையால வந்தது இல்லை மேடம்." இரண்டு ஆண்டுகளில் எனக்கு அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்.

தொல்காப்பியத்தின் பிறப்பியலை நான் ஆண்டுதோறும் நடத்துகிறவள். உந்தியில் எழும் காற்று நெஞ்சு, மிடறு, தலை ஆகியவற்றில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் எழுத்தாகிறது என்று கரும்பலகையில் படம் போட்டிருக்கிறேன். அந்த மாடி அறையில்தான் அது எனக்குப் புரிந்தது. அவர் கண்ணாடி முன் என் மகனை உட்காரவைத்து, நாக்கின் நுனியை மேலே மடக்கி அண்ணத்தைத் தடவச் சொல்வார். 'மயை' என்பான். மறுபடியும். 'மளை' என்பான். மறுபடியும். எட்டு மாதத்தில் மழை வந்தது.

தென்சென்னையில் இன்று இந்தப் படிப்புக்கு வழி இருக்கிறது. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. அதற்கெல்லாம் முன்பே, 1969இல், காதுகேளாத சிறு குழந்தைகளுக்காகச் சென்னையில் பால வித்யாலயா பள்ளியைத் தொடங்கியவர்கள் பெண்கள். குழந்தையோடு அம்மாவும் வகுப்பில் உட்கார்ந்து கற்பது அங்கே வழக்கம். பெண்கள் கட்டிய துறை இது. வீட்டில் பெண்கள் கூலியில்லாமல் செய்யும் வேலையைப் போல இருப்பதாலோ என்னவோ, இதற்கு ஊதியம் பேசும்போது மட்டும் குரல் தாழ்ந்துவிடுகிறது.

அந்தத் தாளை வாங்கிப் படித்தேன். 'குரலற்றவர்களின் குரலாக இருப்பேன்' என்று எழுதியிருந்தாள். அதை மட்டும் அடித்தேன். "அவங்களுக்குக் குரல் இருக்கு. கையிலயும் இருக்கும், முகத்துலயும் இருக்கும். நீ என்ன வேலை செய்வேன்னு மட்டும் எழுது" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு திண்ணையில் உட்கார்ந்து எழுதினாள்: 'குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தருவேன். அம்மாக்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். என் வேலைக்கு உரிய சம்பளம் கேட்பேன்.'

அதில் திருத்த எதுவும் இல்லை.