மாயூரத்து முன்சீப்பு



ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில், கொட்டியாரக் குடாவைத் தோணியிற் கடந்து, மூதூரிலிருந்து திருகோணமலை நீதிமன்றுக்கு வந்த கமக்காரன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். வழக்கு அவனுடைய வயலைப் பற்றியது. அவன் தமிழிற் சொன்ன சாட்சியம், மொழிபெயர்ப்பு முதலியார் வாயிலாக ஆங்கிலமாகி நீதிபதியின் ஏட்டில் ஏறும். அப்புக்காத்துமார் வாதிடுவதும் ஆங்கிலமே, தீர்ப்பும் ஆங்கிலமே. தான் வென்றானா தோற்றானா என்பதை வெளியே வந்து பிறரைக் கேட்டே அவன் அறிந்துகொள்ள வேண்டும்.

பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்த தமிழ்நாட்டிலும் நிலைமை இதுவே. அங்கே நீதியாசனத்தில் அமர்ந்திருந்துகொண்டே இதனைக் குறை கூறிய ஒரு பெரியாரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதியவர் என்று மாணவர் அனைவரும் அவரை அறிவர். அவர் பல்லாண்டு நீதிபதியாக இருந்தவர் என்பதைப் பரீட்சைக்குரிய ஒரு வரியாகப் படித்துவிட்டு மறந்துவிடுகின்றனர். நாவலை எழுதிய கை தீர்ப்பெழுதிப் பழகிய கை என்பதை நாம் மறக்கலாகாது.

1826ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். திருச்சிராப்பள்ளி நீதிமன்றில் முதலிற் பதிவேட்டுக் காப்பாளராகவும், பின்பு மொழிபெயர்ப்பாளராகவும் பணிபுரிந்தார். சாட்சி சொல்வது ஒன்று, ஏட்டில் ஏறுவது வேறொன்று ஆகக்கூடிய இடம் அந்த மொழிபெயர்ப்பாளர் மேசை. பிற்காலத்தில் அவர் செய்த காரியங்களுக்கு வித்து அங்கேதான் விழுந்தது என்பது என் துணிபு.

1857இல் தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப்பாக நியமனம் பெற்றார். டேனியர் வசமிருந்து 1845இல் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கிய கடற்கரைப் பட்டினம் அது. பின்னர் சீர்காழி, அதன்பின் மாயூரம். மாயூரத்தில் மட்டும் ஏறக்குறைய 13 ஆண்டுகள். முன்சீப்பு என்பவர் மாவட்ட நீதிபதிக்குக் கீழே இருந்து, காணி, கடன், பாகப்பிரிவினை ஆகிய வழக்குகளை முதன்முதலில் விளங்கித் தீர்ப்பவர். பெரும் பதவி அன்று. ஆயினும் உழவனும் கடன்பட்டவனும் விதவையும் அரசாங்கத்தின் முகத்தைக் காண்பது அந்த மன்றிலேதான்.

அக்காலத்தில் முன்னைய தீர்ப்புகளே சட்டத்துக்கு வழிகாட்டி. அவையோ ஆங்கில ஏடுகளிற் கிடந்தன. ஆங்கிலமறிந்த வழக்கறிஞருக்கு அவை ஆயுதம். வழக்காளிக்கோ அவை இருப்பதே தெரியாது. வேதநாயகம் பிள்ளை 1805 முதல் 1861 வரையிலான உயர்மன்றத் தீர்ப்புகளைத் திரட்டித் தமிழாக்கிச் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரில் வெளியிட்டார். அக்காலத்திற் சட்டத்துக்குரிய தமிழ்க் கலைச்சொற்கள் எவ்வளவு இருந்தன? பகலெல்லாம் வழக்கு விளங்கிய ஒருவர், எஞ்சிய பொழுதில் இத்தனை ஆண்டுத் தீர்ப்புகளையும் பெயர்த்தெழுதினார் என்பது எளிதில் நம்பக்கூடியதன்று. அவருடைய நாவலுக்குக் கிடைத்த புகழில் பத்தில் ஒரு பங்குகூட இந்நூலுக்குக் கிடைக்கவில்லை. எனக்கு அது வருத்தமே.

நீதிநூல் என்னும் செய்யுள் நூலையும் அவர் முன்சீப்பாக இருந்த காலத்திலேயே இயற்றினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருடைய நெருங்கிய நண்பர். அவர்மீது குளத்தூர்க் கோவை பாடியவர். கிறிஸ்தவராகிய முன்சீப்பும் சைவப் புலவரும் மாயூரத்திற் கூடித் தமிழ் பேசி மகிழ்ந்ததை உ. வே. சாமிநாதையரின் சுயசரிதையிற் காணலாம்.

1872இல் அவர் பதவியினின்று நீங்கினார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தில், தம் பொருளைச் செலவிட்டு ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தார். அக்கொடையைக் கண்டு கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் போற்றிப் பாடினார்.

1879இல் பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்தது. கதையை நிறுத்திவிட்டுப் போதனை செய்கிறார் என்று அதனைக் குறை கூறுவோர் உளர். குறை உண்மையே. ஆனால் நீதிமன்றுகளைப் பற்றிய பகுதியை மட்டும் தாண்டிச் செல்லாதீர்கள். நீதிபதியும் தமிழர், வழக்கறிஞரும் தமிழர், வழக்காளிகளும் தமிழர். அவ்வாறிருக்க யாருக்கு விளங்கும்பொருட்டு ஆங்கிலத்தில் வாதம் நடைபெறுகிறது என்று அங்கே வினவப்படுகிறது. கதாபாத்திரம் பேசுவதாகவே எழுதினாலும், அது மாயூரத்து முன்சீப்பின் சொந்தக் குரல் என்பதில் எனக்கு ஐயமில்லை. தாமே அந்த இயந்திரத்தின் ஒரு சக்கரமாக இருந்தவர் அல்லவா?

1889ஆம் ஆண்டு யூலை மாதம் 21ஆம் நாள் அவர் காலமானார். ஆறாண்டு கழித்து, 1895இல், தமிழின் முதல் வரலாற்று நாவலாகக் கருதப்படும் மோகனாங்கியைச் சென்னையில் வெளியிட்டவர் நம் திருகோணமலை மைந்தராகிய சரவணமுத்துப்பிள்ளை என்பதையும் ஊர்ப்பற்றினாற் சொல்லிவைக்கிறேன்.

அவர் நாவலில் எழுப்பிய வினாவுக்கு இங்கே விடை கிடைக்க நெடுங்காலம் சென்றது. வடக்கு, கிழக்கு மாகாணங்களில் வழக்குகளை முதன்முதலில் விளங்கும் மன்றுகளுக்குத் தமிழும் மொழியாகும் என்று இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு விதித்தது. இன்று திருகோணமலை மன்றில் மூதூர்க் கமக்காரன் தன் வழக்கைத் தன் மொழியிலேயே கேட்கிறான். மேன்முறையீட்டுக்காகக் கொழும்புக்குச் செல்லும்போது மட்டும் அந்த ஏடு மறுபடியும் மொழிபெயர்ப்பாளரின் மேசைக்குப் போகின்றது.