நடன அசைவுச் சிகிச்சை: முதியோர் பராமரிப்பு இல்லங்களில்

டிமென்ஷியா எனப்படும் மறதிநோயுடன் பராமரிப்பு இல்லங்களில் வாழும் முதியோருக்கு உடலசைவின் வழியே அளிக்கப்படும் உளவியல் சிகிச்சை. இது நோயைக் குணப்படுத்தாது. பதற்றத்தைத் தணிப்பதும் பிறருடன் உறவாட வைப்பதுமே நோக்கம்.

இத்துறையின் முன்னோடி அமெரிக்க நடனக் கலைஞர் மரியன் சேஸ். 1942இல் வாஷிங்டன் செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் பணியாற்றத் தொடங்கிய அவர், நோயாளியின் அசைவைத் தம் உடலில் எதிரொலித்து அவரோடு தொடர்பை ஏற்படுத்தினார். அந்த முறையே இன்றும் அடிப்படை.

நாற்காலிகள் வட்டமாகப் போடப்படும். இசை ஒலிக்கையில் ஒரு மூதாட்டி விரலால் தாளம் தட்டினால், சிகிச்சையாளர் அதையே தட்டுவார், பிறரும் சேர்ந்துகொள்வர். பெயர்களும் அண்மை நிகழ்வுகளும் மறந்த பின்னும், உடல் பழகிய தாளமும் அடவும் நெடுநாள் தங்குவதுண்டு. சொல் தேடித் திணறும் ஒருவர் கையசைவால் பதில் சொல்ல முடிகிறது. இச்சிகிச்சையின் மதிப்பே இதில்தான் இருக்கிறது. பிழையான அசைவு என்று எதுவுமில்லை. விழும் அபாயம், மூட்டுவலி, விருப்பமின்மை ஆகியவற்றைக் கவனித்தே நடத்த வேண்டும்.

பிரிட்டன் பராமரிப்பு இல்லங்களில் கியூபாவில் பிறந்த டான்சோன் நடனத்தைக் கொண்டு, பணியாளர்களும் சேர்ந்தாடும் அமர்வுகள் சோதிக்கப்பட்டன. இது சிகிச்சைக்கு நெருங்கிய முயற்சி.

சான்றுகள் இன்னும் மெலிந்தவை. 2017இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்புக்குத் தகுதியான ஆய்வு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அதன் 2023 பதிப்பில் 204 பேர் பங்கேற்ற ஒரே ஆய்வு இடம்பெற்றது. இல்லங்களிலேயே நடத்தப்படும் பெரிய ஆய்வுகள் உடனடித் தேவை.