தோல்வியும் வேண்டுதலும்

தோற்றபின் இறைவனை நாடுதல் மனித இயல்பு. தோல்விக்குத் தன்பால் உள்ள காரணத்தை நாடுதலோ அரிது. ஸ்பெயின் வேந்தன் இரண்டாம் பிலிப்பின் வரலாறு இதற்குச் சான்று.

1588இல் இங்கிலாந்தை வெல்ல அவன் ஏவிய பெருங்கடற்படையில் ஏறத்தாழ 130 கப்பல்கள் இருந்தன. தலைமையேற்ற மதீனா சிதோனியா கோமகனோ, தனக்குக் கடல் அனுபவம் இல்லையென்று முன்னரே முறையிட்டவன். நெதர்லாந்தில் காத்திருந்த பார்மா கோமகனின் சேனையோடு இணைவதற்கு ஆழமான துறைமுகம் ஒன்றும் கைவசம் இல்லை. கலே அருகே ஆங்கிலேயரின் தீக்கப்பல்கள் படையைச் சிதறடித்தன. திரும்பும் வழியில் பலவற்றைப் புயல் விழுங்கியது.

பிலிப் ஆயர்களுக்கு மடல் விடுத்து, அழிவு இந்த அளவோடு நின்றமைக்கு இறைவனுக்கு நன்றி செலுத்தப் பணித்தான். திருத்தூதர் பன்னிருவர் பெயரால் புதிய போர்க்கப்பல்கள் எழுந்தன. ஆயினும் 1596இலும் 1597இலும் அவன் படைகள் புயல் மிகும் அக்டோபர் திங்களிலேயே புறப்பட்டன; இருமுறையும் புயலே வென்றது.

வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். பிலிப் தவறியது இம்மூன்றிலுமே. கடவுள் வாழ்த்தை நூலின் தலையில் வைத்த அதே பேராசான்தான் இவற்றையும் வகுத்தார் என்பதை நாம் மறத்தலாகாது. வேண்டுதல் நெஞ்சுக்கு உரம் தரும். பிழையைத் தேடித் திருத்தும் கடமை நம்முடையது.